மழையில கோல்ஃப் ஆட சரியான வாட்டர்ப்ரூஃப் டிரஸ் எடுக்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

மழையில கோல்ஃப் ஆட டிரஸ் வாங்கணும்னு வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது எந்த பிராண்ட் நல்லதுன்னுதான். நான் திருப்பிக் கேக்கறது, எந்த ஊர் மழையில ஆடப் போறீங்க? சென்னை நந்தனம் காஸ்மோ கோர்ஸ்ல ஐப்பசில கொட்டுற மழை வேற, ஊட்டில ஆடி மாசம் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் பனியோட சேந்து விழுற சாரல் வேற, ஸ்காட்லாந்து கடலோரத்துல காத்து தள்ளிட்டு வந்து மூஞ்சில அடிக்கிற மழை வேற. மூணுக்கும் ஒரே ஜாக்கெட் போதும்னு வாங்கினா ரெண்டு எடத்துல அது உதவாது.

நான் இதை எங்க கத்துக்கிட்டேன்னா ஊட்டில, ஒரு ஜூலை மாசம். அப்ப எங்கிட்ட இருந்தது பைக்ல போறப்ப போடற ரெயின்கோட் தான், பேண்ட்டும் கோட்டுமா செட்டா வருமே அது. நாலாவது ஹோல் முடியறப்பவே உள்ள சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு, சரி கோட்டு ஒழுகுதுன்னு நெனச்சு ஒரு ஷெட்டுக்கு அடியில நின்னு கழட்டிப் பாத்தா, வெளிய இருந்து ஒரு சொட்டு கூட உள்ள வரல, உள்பக்கம் பூரா முத்து முத்தா தண்ணி, அத்தனையும் என் வேர்வை. என் கூட பேக்கைத் தூக்கிட்டு வந்த கேடி (caddie) அண்ணா அதைத் தொட்டுப் பாத்துட்டு சொன்னார், "சார், உள்ள இருந்து நனைஞ்சாலும் நனைஞ்சதுதான் சார், குளிர் ஒண்ணுதான்." அன்னைக்கு ஒம்பதாவது ஹோல்ல கை நடுங்க ஆரம்பிச்சுது, பாலைக் குழிக்குள்ள தட்டி விடற மட்டை இருக்கே, பட்டர் (putter), அதைப் பிடிக்க முடியல. அதுல இருந்து நான் மழை டிரஸ் பாக்கற விதமே மாறிப்போச்சு. தண்ணிய நிறுத்துறது எந்த பிளாஸ்டிக்கும் செய்யும். வேர்வைய வெளிய விடணும், தோளை மறிக்கக் கூடாது, இந்த ரெண்டையும் செய்யறதுதான் கோல்ஃப் டிரஸ்.

படி 1: உங்க மழை எதுன்னு முடிவு பண்ணுங்க

சென்னை, புதுச்சேரி, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி சூடான ஊர்ல ஆடறவங்களுக்கு ஒரு உண்மைய சொல்லிடறேன், இதைக் கடைக்காரங்க சொல்ல மாட்டாங்க. வேர்வை ஆவியை வெளிய விடற துணின்னு விக்கறாங்களே, அது வேலை செய்யறது உள்ளயும் வெளியயும் இருக்கற ஆவியோட அழுத்த வித்தியாசத்துலதான். உள்ள சூடா ஈரமா, வெளிய குளிரா இருந்தா ஆவி வேகமா வெளிய போகும். வெளிய 28 டிகிரியும் காத்து முழுக்க ஈரமும் இருந்தா ஆவி எங்க போகும், உள்ளயே நிக்கும். அதனால சென்னைல எவ்வளவு விலை கொடுத்து வாங்கின ஜாக்கெட்டும் கொஞ்சம் கசகசன்னுதான் இருக்கும். இங்க நல்லது எதுன்னா, மெலிசா, லூசா, அரைக்கை இருக்கற வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட், இல்லன்னா முதுகுல காத்து போற மாதிரி திறப்பு வெச்சது. உடம்பு நனைஞ்சா பரவால்ல, சீக்கிரம் காயற பாலியஸ்டர் டி ஷர்ட் போட்டுட்டு, காசை க்ளவுஸ்லயும் ஷூலயும் போடுங்க. சென்னை மழை பெரும்பாலும் வெளுத்து வாங்கிட்டு விட்டுடும், குடைக்கு அடியில இருபது நிமிஷம் நின்னா போதும்.

ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல், நுவரெலியா பக்கம் ஆடறவங்க கதை வேற. இங்க மழைய விட குளிர்தான் ஆளை அடிக்கும். சாரல்தானேன்னு தோணும், ஆனா நாலு மணி நேரம் சாரல்ல நடந்தா அடைமழையில நனைஞ்ச மாதிரிதான் ஆகும். உள்ள ஆவி வெளிய போறதுக்கு குளிர் உதவி பண்ணும், அதனால நல்ல மெம்பிரேன் (தண்ணிய நிறுத்தி ஆவியை மட்டும் விடற மெல்லிய படலம்) வெச்ச துணிக்கு இங்க கொடுக்கற காசு வீண் போகாது.

பிரிட்டன், அயர்லாந்து பக்கம் லிங்க்ஸ் கோர்ஸ், அதாவது கடலோர மணல்மேட்டு கோர்ஸ், ஆட போறவங்களுக்கு காத்துதான் முதல் எதிரி. 2002 பிரிட்டிஷ் ஓபன்ல, ஸ்காட்லாந்து முயர்ஃபீல்ட்ல, சனிக்கிழமை மத்தியானம் குளிரும் காத்தும் மழையும் சேந்து அடிச்சப்ப டைகர் வுட்ஸ் 81 அடிச்சார், கோல்ஃப்ல எண்ணிக்கை கூடினா மோசம். அந்த வருஷம் மாஸ்டர்ஸும் யூ.எஸ். ஓபனும் ஜெயிச்சு உச்சத்துல இருந்த ஆள். அந்த மாதிரி எடத்துக்கு முழு செட் இல்லாம கெளம்பாதீங்க.

படி 2: லேபிளைப் படிக்கக் கத்துக்கோங்க

முதல்ல வார்த்தை. லேபிள்ல வாட்டர் ரெசிஸ்டன்ட், ஷவர்ப்ரூஃப்னு போட்டிருந்தா அது தூறலுக்கு மட்டும்தான், கால் மணி நேரத்துல ஊறிடும். நம்ம ஊர்ல விண்ட்சீட்டர்னு விக்கறதுல முக்காவாசி இந்த ரகம். வாட்டர்ப்ரூஃப்னு தெளிவா எழுதி, கூடவே ஒரு நம்பரும் இருக்கணும்.

அந்த நம்பர் மி.மீட்டர்ல இருக்கும், 5,000, 10,000, 20,000 அந்த மாதிரி. துணிய இழுத்துக் கட்டி அது மேல தண்ணியோட அழுத்தத்தை ஏத்திக்கிட்டே போவாங்க, மறுபக்கம் மூணு எடத்துல சொட்டு எட்டிப் பாக்கறப்ப எவ்வளவு உயரத் தண்ணியோட அழுத்தம் இருந்துச்சுன்னு குறிப்பாங்க, அதுதான் நம்பர். 10,000 மி.மீ.ன்னா 10 மீட்டர், கிட்டத்தட்ட மூணு மாடி உயரத் தண்ணி. வெறும் மழைக்கு இவ்வளவு எதுக்குன்னு தோணும். மழைத்துளி மட்டும்னா இவ்வளவு வேணாம்தான், ஆனா பேக்கோட ஸ்ட்ராப் தோள்ல அழுத்துற எடம், பட்டிங் லைன் பாக்க குத்தவெச்சு உக்காரறப்ப முட்டி இழுபடற எடம், இங்கெல்லாம் துணி மேல அழுத்தம் பல மடங்கு ஏறும். ஒழுகறது முதல்ல அங்கதான். என் கணக்கு, பேக்கைத் தோள்ல தூக்கி நடக்கறவங்களுக்கு 20,000, ட்ராலியோ கேடியோ இருந்தா 10,000 தாராளம்.

ரெண்டாவது நம்பர் கிராம்ல இருக்கும், ஒரு சதுர மீட்டர் துணி வழியா 24 மணி நேரத்துல எத்தனை கிராம் ஆவி வெளிய போகும்னு. 10,000க்கு கீழ இருந்தா கோல்ஃபுக்கு நான் எடுக்க மாட்டேன், ஏன்னா நம்ம நாலு மணி நேரம் மேடும் பள்ளமுமா நடக்கறோம். ஆனா இந்த நம்பரை ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் ஒப்பிடாதீங்க, இதை அளக்க பல முறை இருக்கு, ஒவ்வொருத்தரும் தனக்குத் தோதான முறையில அளந்து போடறாங்க. ஒரே கம்பெனியோட ரெண்டு மாடலை ஒப்பிட மட்டும் உதவும்.

இந்தத் துணி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா மத்தது எல்லாம் தானா புரியும். 1823ல க்ளாஸ்கோக்காரர் சார்லஸ் மேக்கின்டாஷ் ரெண்டு துணிக்கு நடுவுல ரப்பரை வெச்சு பேடன்ட் வாங்கினார், நம்ம பைக் ரெயின்கோட் அதோட பேரன்தான், தண்ணி உள்ள வராது, வேர்வையும் வெளிய போகாது. 1969ல அமெரிக்காவுல பாப் கோர்ங்கறவர், சூடாக்கின பி.டி.எஃப்.இ. கம்பியை மெதுவா மெதுவா இழுத்துப் பாத்து எல்லாம் உடைஞ்சுட்டே இருக்க, வெறுத்துப்போய் வெடுக்குன்னு ஒரே இழுப்பு இழுத்தார், அது உடையாம பல மடங்கு நீண்டுச்சு. பி.டி.எஃப்.இ.ன்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம நான்ஸ்டிக் தோசைத்தவா மேல இருக்கற டெஃப்லான்தான். அப்படி நீண்டப்ப அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க உருவாச்சு, ஒரு தண்ணிச் சொட்டை விட 20,000 மடங்கு சின்னது, ஆனா ஆவி மூலக்கூறை விட 700 மடங்கு பெருசு. தண்ணி நுழைய முடியாது, ஆவி தாராளமா போகும். அதுதான் கோர்டெக்ஸ். 2022ல இருந்து அவங்களே பாலிஎத்திலீன்ல செஞ்ச புது மெம்பிரேனையும் கொண்டு வந்திருக்காங்க.

விலை கம்மியான ஜாக்கெட்ல பாலியூரித்தேன் பூச்சோ மெம்பிரேனோ இருக்கும். அது மட்டம்னு சொல்ல மாட்டேன், வருஷத்துக்கு பத்து ரவுண்டு மழையில ஆடறவங்களுக்கு அது போதும். ஆனா சூடும் ஈரமும் சேந்தா பாலியூரித்தேன் சிதையும். ஈரத்தோட சுருட்டி பீரோல வெச்சீங்கன்னா, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு எடுக்கறப்ப உள்பக்கம் பிசுபிசுன்னு ஒட்டும், தோல் மாதிரி உரியும். நம்ம கடலோர ஊர்ல இது ரொம்ப சகஜம்.

அப்புறம் லேயர். 2 லேயர்னா வெளித்துணியும் மெம்பிரேனும், உள்ள தனியா லைனிங் தொங்கும், கொஞ்சம் கனம். 2.5 லேயர்னா லைனிங்குக்குப் பதிலா மெம்பிரேன் மேல மெலிசா ஒரு பூச்சு, எடை கம்மி, மடிச்சு பேக்ல திணிக்கலாம், ஆனா வெறும் கையில பட்டா பச்சுன்னு ஒட்டும். 3 லேயர்னா மூணும் ஒண்ணா ஒட்டி இருக்கும், ரொம்ப நாள் உழைக்கும், விலையும் அதிகம். சென்னைக்கு 2.5, மலைக்கு 3, இதுல எனக்கு ரெண்டாவது யோசனை இல்ல.

படி 3: தையலையும் ஜிப்பையும் தொட்டுப் பாருங்க

துணி எவ்வளவு நல்லதா இருந்தாலும் ஊசி போன எடமெல்லாம் ஓட்டைதான். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்புங்க, ஒவ்வொரு தையல் மேலயும் பட்டையா டேப் ஒட்டி இருக்கணும். தோள், கழுத்து மட்டும் டேப் ஒட்டிட்டு அக்குளயும் பக்கவாட்டையும் விட்டுடறவங்க இருக்காங்க, கோல்ஃப்ல நம்ம கைய தூக்கித் தூக்கி ஆடறோம், அக்குள் தையல்தான் நேரா மழைய பாக்கும், அதனால ஃபுல்லி டேப்டுன்னு இருக்கறதை மட்டும் எடுங்க. நகத்தால டேப் ஓரத்தை மெதுவா நெருடிப் பாருங்க, புதுசுலயே தூக்குச்சுன்னா அப்படியே வெச்சுட்டு வாங்க.

ஜிப்புக்குப் பின்னாடி ஒரு துணி மடிப்பு இருக்கணும், மேல் நுனில ஜிப் போய் ஒளிஞ்சுக்க சின்னதா ஒரு உறை இருந்தா தாடையில இடிக்காது. பாக்கெட் ஜிப்பையும் பாருங்க, பாக்கெட் வழியா தண்ணி போய் ஸ்கோர்கார்டு கூழாகறது பெரிய வேதனை.

படி 4: ட்ரையல் ரூம்ல ஸ்விங் பண்ணிப் பாருங்க

இதை வெக்கப்படாம செய்யுங்க, நான் சொல்றதுலயே முக்கியமானது இதுதான். கண்ணாடி முன்னாடி நின்னு பாக்கறதுக்கு எல்லா ஜாக்கெட்டும் நல்லாத்தான் இருக்கும். உள்ள ஒரு டி ஷர்ட்டும் மெல்லிசா ஒரு ஸ்வெட்டரும் போட்டுட்டு மேல ஜாக்கெட் போடுங்க, ஏன்னா மலையில அப்படித்தான் போடப் போறீங்க. கிளப் (மட்டை) இல்லன்னா குடைய வெச்சு, மெதுவா பேக்ஸ்விங், அதாவது அடிக்கறதுக்கு முன்னாடி பின்பக்கமா தூக்கறது, அதோட மேல வரைக்கும் போய் அங்கயே நில்லுங்க. வலது கைக்காரங்கன்னா இடது தோள் தாடைக்கு அடியில வந்து நிக்கும், அந்த நேரம் முதுகு குறுக்கால துணி இழுக்குதா? இழுத்தா உங்க ஸ்விங் அங்கயே ஒரு அங்குலம் குறையுது, மழையில ஏற்கனவே பால் தூரம் போகாது, இதுவும் சேந்தா வழக்கத்தை விட ரெண்டு படி நீளமான கிளப் எடுக்கணும்.

அதே எடத்துல நின்னு இடுப்பைப் பாருங்க. கைய தூக்கறப்ப ஜாக்கெட் மேல ஏறி வயிறு தெரியுதுன்னா, மழையும் அங்கதான் நுழையும். அப்புறம் ஃபாலோ த்ரூ, அதாவது அடிச்ச பிறகு கை சுத்தி வந்து நிக்கற எடம், அது வரைக்கும் போங்க, கழுத்துப் பட்டை தாடையத் தள்ளுதான்னு பாருங்க. கடைசியா பட்டிங் மாதிரி குனிங்க, முன்பக்கம் துணி தொங்கி கைக்கும் கண்ணுக்கும் நடுவுல வந்தா அந்த சைஸ் உங்களுக்கு இல்ல.

கைமுனை, அதாவது கஃப், இதைப் பத்தி யாரும் அதிகம் பேச மாட்டாங்க. பேக்ஸ்விங் மேல இருக்கறப்ப உங்க மணிக்கட்டு முழங்கைய விட உயரத்துல இருக்கு, அதனால கை மேல விழுற தண்ணி எல்லாம் சட்டைக்கை வழியா அக்குள் வரைக்கும் ஓடும். பதினெட்டு ஹோல்ல நூறு தடவை இப்படி ஓடினா ஜாக்கெட் ஒழுகாமலே கை பூரா நனைஞ்சிருக்கும். அதனால கஃப்ல ஒட்டுற பட்டை வேணும், மணிக்கட்டைச் சுத்தி இறுக்கணும், ஆனா க்ளவுஸை மறிக்கற அளவுக்கு நீளமா இருக்கக் கூடாது.

சத்தம். இதைக் கேட்டா சிரிப்பாங்க, ஆனா ஒவ்வொரு ஸ்விங்லயும் காதுக்குப் பக்கத்துல சரக் சரக்னு பிளாஸ்டிக் உரசினா டைமிங் போயிடும். பின்னல் மாதிரி மெத்துன்னு, கொஞ்சம் நீளுற துணி எடுத்தா சத்தம் வராது. மலையேறவங்க போடற ஜாக்கெட்டுக்கும் கோல்ஃப் ஜாக்கெட்டுக்கும் பெரிய வித்தியாசமே இந்த நீளுற தன்மையும் சத்தமும்தான், தண்ணிய தாங்கறதுல ரெண்டும் ஒண்ணுதான். அதனால உங்ககிட்ட நல்ல ட்ரெக்கிங் ஜாக்கெட் ஏற்கனவே இருந்தா, ஸ்விங் சோதனைல தேறினா, புதுசு வாங்க வேண்டாம்.

ஹூட் எனக்கு வேணாம். தலைய திருப்பறப்ப ஒரு கண்ணை மறைக்குது. கழட்டி வெக்கற ஹூட்னா சரி, நடக்கறப்ப போட்டுக்கலாம்.

படி 5: பேண்ட், ஜாக்கெட்டுக்கு முன்னாடி

அந்த கேடி அண்ணா அன்னைக்கு சொன்ன இன்னொரு விஷயம் இது, "மழை விட்டாலும் புல்லு விடாது சார், மொதல்ல காலைப் பாருங்க." மழை நின்னு ஒரு மணி நேரம் ஆனாலும் ரஃப்ல (நீளமா புல்லு விட்டிருக்கற ஓரத்துல) நடந்தா முட்டி வரைக்கும் நனையும், ஈரமான பேண்ட் தொடைல ஒட்டி, கனத்து, கீழ இறங்கி, பாக்கெட்ல இருக்கற டீய (பாலை மேல வெக்கற சின்ன குச்சிய) எடுக்க முடியாம, அது ஒரு தனி அவஸ்தை. கையில காசு கம்மியா இருந்தா ஜாக்கெட்டை சாதாரணமா எடுத்துட்டு பேண்ட்டை நல்லதா எடுங்க.

பாக்க வேண்டியது: ஷூவைக் கழட்டாம போட முடியற அளவுக்கு காலோரம் முட்டி வரைக்கும் ஜிப், உள்ள போட்டிருக்கற பேண்ட்டோட பாக்கெட்டுக்கு கை போக பக்கவாட்டுல திறப்பு, நீளம் ஷூ மேல சரியா உக்காரணும். குட்டையா இருந்தா தண்ணி ஷூக்குள்ள மேல இருந்து இறங்கும், ஷூ எவ்வளவு வாட்டர்ப்ரூஃபா இருந்தாலும் அப்புறம் அது ஒரு வாளிதான், உள்ள போன தண்ணி வெளிய வராது. நீளமா இருந்தா குதிகால்ல மிதிச்சு ஸ்பைக் கிழிச்சுடும். உள்ள ஜீன்ஸ் மட்டும் போடாதீங்க.

படி 6: கை, தலை, கால்

க்ளவுஸ்தான் மொத்த செட்லயே விலைக்கு அதிகமா உதவுற பொருள். தோல் க்ளவுஸ் நனைஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும், ரெயின் க்ளவுஸ் அதுக்கு நேர் எதிர், நனைஞ்சாத்தான் பிடிக்கும். ஜோடியா ரெண்டு கைக்கும் வரும், ரெண்டையும் போடுங்க. மழை லேசா இருக்கற ஆரம்பத்துல அதை வேணும்னே தண்ணில நனைச்சுட்டு ஆடுங்க, பாதி காஞ்ச நிலையிலதான் அது கொஞ்சம் சறுக்கும். பட்டிங்குக்கு கழட்டிடலாம்.

தொப்பிக்கு, கண்ணாடி போடறவங்க முன்பக்கம் நீண்ட கேப் எடுங்க, சுத்தி விளிம்பு இருக்கற பக்கெட் தொப்பி கழுத்துல தண்ணி இறங்காம காக்கும். எது எடுத்தாலும் விளிம்புல தண்ணி சேந்து, பட்டிங்குக்கு குனியறப்ப சரியா பால் மேல சொட்டும், அதனால குனியறதுக்கு முன்னாடி ஒரு தடவை விரலால வழிச்சு விட்டுடுங்க.

ஷூ உள்ள மெம்பிரேன் வெச்சதா பாருங்க, ஸ்பைக் தேஞ்சிருந்தா மாத்துங்க. ஈரச் சரிவுல கால் வழுக்கி முட்டி திரும்பறது டிரஸ் நனையறதை விட பெரிய நஷ்டம். கம்பளி கலந்த சாக்ஸ் ரெண்டு ஜோடி, ஒண்ணு கால்ல, ஒண்ணு ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவர்ல.

கேடி வெச்சு ஆடறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். மழையில நம்ம முப்பதாயிரம் ரூபா ஜாக்கெட்ல நிக்கறப்ப, நம்ம பேக்கைத் தூக்கற மனுஷன் யூரியா சாக்கைத் தலைல கவுத்துட்டு வர்றதை நான் பாத்திருக்கேன். உங்களுக்கு வாங்கறப்ப அவருக்கும் ஒரு கோட்டும் பேண்ட்டும் வாங்குங்க. அவர் கை காஞ்சிருந்தாத்தான் உங்க கிரிப்பும் காஞ்சிருக்கும்.

படி 7: உள்ள என்ன போடறது

காட்டன் வேண்டாம். நல்ல பனியன்தானேன்னு தோணும், ஆனா காட்டன் வேர்வைய குடிச்சுட்டு விடாது, அது விடற வரைக்கும் வெளிய எந்த மெம்பிரேன் இருந்தும் உங்க உடம்பு ஈரத்துலதான் இருக்கும். உடம்போட ஒட்டுற மாதிரி பாலியஸ்டர் இல்ல மெரினோ கம்பளி, அதுக்கு மேல குளிருக்கு ஏத்த மாதிரி மெல்லிசா ஒரு ஃப்ளீஸ், அதுக்கு மேல ஜாக்கெட். மேடு ஏறறதுக்கு முன்னாடியே ஜிப்பை பாதி இறக்கிடுங்க, வேர்த்த பிறகு இறக்கி பிரயோஜனம் இல்ல.

படி 8: பயணத்துக்கு முன்னாடி வீட்டுல டெஸ்ட்

2010 ரைடர் கப், அமெரிக்காவும் ஐரோப்பாவும் டீமா மோதற போட்டி, வேல்ஸ்ல கெல்டிக் மேனர் கோர்ஸ். முதல் நாளே கொட்டு கொட்டுன்னு கொட்டி ஏழு மணி நேரத்துக்கு மேல ஆட்டம் நின்னுது. அதுக்கு முன்னாடியே அமெரிக்க டீமோட மழை டிரஸ் ஒழுக ஆரம்பிச்சுடுச்சு, கேப்டன் கோரி பேவினோட டீம் அங்க ரசிகர்களுக்கு விக்கற கடையில இருந்து வேற செட் வாங்கிப் போட்டுட்டு ஆடினாங்க. ஆட்டம் திங்கக்கிழமை வரைக்கும் இழுத்து, ஐரோப்பா 14½க்கு 13½னு ஜெயிச்சுது. அரைப் பாயின்ட் டிரஸ்ல போச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா பணத்துக்கு பஞ்சமே இல்லாத டீம் இது, நம்ம வீட்டு ஷவரைத் திறந்து பாக்க அஞ்சு பைசா செலவில்ல.

உள்ள வெளிர் சாம்பல் கலர் டி ஷர்ட் போடுங்க, ஈரம் பட்டா அதுல பளிச்னு தெரியும். மேல ஜாக்கெட், பேண்ட் எல்லாம் போட்டு ஷவருக்கு அடியில பத்து நிமிஷம் நில்லுங்க, சும்மா நிக்காம கைய தூக்கி இறக்கி, தோள்ல பேக் ஸ்ட்ராப்பும் மாட்டிட்டு. வெளிய வந்து டி ஷர்ட்டைப் பாத்தா எங்க ஒழுகுதுன்னு படம் போட்ட மாதிரி இருக்கும். கழுத்து மட்டும் நனைஞ்சிருந்தா பட்டை லூசு, முழங்கை வரைக்கும் நனைஞ்சிருந்தா கஃப், தோள்ல கோடு மாதிரி ஈரம்னா தையல் டேப், அப்படியே திருப்பிக் கொடுத்துடுங்க. பில்லையும் டேக்கையும் அதுவரைக்கும் பத்திரமா வைங்க. இதைச் செய்யாம ஒரு ஜாக்கெட்டை நேரா கொடைக்கானலுக்கு எடுத்துட்டுப் போய் ரெண்டு நாள் லீவை நான் ரூம்லயே கழிச்சேன்.

படி 9: மழை அன்னைக்கு

குடை வேணும், ரெண்டு அடுக்கு துணி இருக்கறதா, காத்து அடிச்சா திரும்பாததா. டவலை குடைக்கு உள்ள கம்பில தொங்க விடுங்க, அதுதான் கோர்ஸ்லயே காஞ்ச எடம். ரூல் ஒண்ணு ஞாபகம் வைங்க, நீங்க ஸ்ட்ரோக் அடிக்கறப்ப கேடியோ வேற யாரோ உங்களுக்கு மழை படாம குடை பிடிச்சு நிக்கக் கூடாது, ரூல் 10.2ல பெனால்ட்டி உண்டு. ஒரு கையில நீங்களே குடைய பிடிச்சுட்டு இன்னொரு கையில சின்ன பட் தட்டி விடறதுக்கு தடை இல்ல.

மின்னலுக்கு எந்த டிரஸும் இல்ல. சித்திரை, வைகாசி கோடை மழையும், ஐப்பசி தொடக்க மழையும் இடியோடதான் வரும். நீளமா ஒரே சைரன் அடிச்சா உடனே நிறுத்தணும், அடிக்கப் போன ஷாட்டையும் அடிக்கக் கூடாது. சைரனே அடிக்கலன்னாலும் மின்னல் ஆபத்துன்னு உங்களுக்குத் தோணினா நீங்களா நிறுத்த ரூல் 5.7 இடம் கொடுக்குது, பெனால்ட்டி கிடையாது. மரத்தடி வேண்டாம், குடைய மடக்கிடுங்க, கிளப்பைக் கீழ போட்டுட்டு கட்டடத்துக்குள்ளயோ காருக்குள்ளயோ போயிடுங்க.

படி 10: துவைக்கிறதும் காய வெக்கறதும்

வாங்கினப்ப வெளித்துணி மேல தண்ணி சேப்பங்கிழங்கு இலை மேல உருளற மாதிரி உருளும். அது மெம்பிரேன் இல்ல, வெளித்துணி மேல இருக்கற தனிப் பூச்சு. அழுக்கு, வேர்வை, சன்ஸ்க்ரீன் எல்லாம் படிஞ்சா பூச்சு மங்கி வெளித்துணி தண்ணி குடிச்சு கறுத்துப் போகும். அப்ப மெம்பிரேன் ஒழுகாது, ஆனா ஊறின துணி ஆவியை அடைச்சுடும், உள்ள வேர்வை தங்கி ஜில்லுன்னு இருக்கும், ஜாக்கெட் போச்சுன்னு தூக்கிப் போடறவங்க பாதிப் பேர் இந்தத் தப்பைத்தான் பண்றாங்க. இப்ப பல கம்பெனிங்க ஃப்ளோரின் இல்லாத பூச்சுக்கு மாறிட்டாங்க, சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஆனா எண்ணெய்ப் பசை சீக்கிரம் பிடிக்கும், அதனால அடிக்கடி துவைக்கணும்.

சாதாரண சோப்புத்தூள் மிச்சம் துணில தங்கி தண்ணிய இழுக்கும், கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னர் கண்டிப்பா கூடாது. நிக்வாக்ஸ் மாதிரி இதுக்குன்னே இருக்கற வாஷ் ஆன்லைன்ல கிடைக்குது. ஜிப்பை எல்லாம் மூடி, குளிர்ந்த தண்ணியிலயோ இல்ல 30 டிகிரியிலயோ துவைச்சு, ரெண்டு தடவை அலசுங்க, முறுக்காதீங்க. நிழல்ல காஞ்ச பிறகு, லேபிள் அனுமதிச்சா, மேல ஒரு மெல்லிய துண்டைப் போட்டு அயர்ன்பாக்ஸை குறைஞ்ச சூட்டுல ஓட விடுங்க, சூடு பட்டா அந்தப் பூச்சுக்கு திரும்ப உயிர் வரும். ஒரு கை தண்ணி அள்ளி தோள்பட்டை மேல விட்டுப் பாருங்க, உருண்டு ஓடினா சரி, பரவி ஊறினா அதுக்குன்னு விக்கற ஸ்ப்ரேய வாங்கி தோள், முழங்கை, தொடை, இந்த மூணு எடத்துலயும் ரெண்டு தடவை அடிச்சுட்டு, ஹேங்கர்ல மாட்டி ஃபேன் காத்துல விட்டுட்டு, கைய விட்டுப் பாத்து உள்பக்கமும் காஞ்சிருக்குன்னு தெரிஞ்ச பிறகு பீரோல வைங்க.